பெட்ரோல் பம்ப் மின்சுற்றில் பழுது கண்டறிதல்: பம்பைக் கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் என்ஜின் பற்றவில்லை. அல்லது நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார் கத்திப்பாரா மேம்பாலத்தின் ஏற்றத்தில் இழுவை குறைந்து, திணறி, நின்றுவிடுகிறது. இத்தகைய புகாருடன் சென்னையில் எந்தப் பட்டறைக்குச் சென்றாலும் முதலில் காதில் விழக்கூடிய தீர்ப்பு "பம்ப் போயிடுச்சு சார்" என்பதுதான். சில நேரங்களில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் பம்பிற்கு மின்சாரம் கொண்டுசெல்லும் ஃபியூஸ், ரிலே (சிறு மின்னோட்டத்தால் இயங்கும் சுவிட்ச்), வயர், கப்ளர் (வயர்களைச் சேர்க்கும் செருகி), எர்த் (பாடி வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு) ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று பழுதானாலும் அறிகுறிகள் அச்சாக இதே போலத்தான் இருக்கும். பழுது கப்ளரில் இருக்கும்போது பம்பை மாற்றினால் கார் அன்றைக்கு ஓடவும் செய்யும். ஏனெனில், பம்பை மாற்றுவதற்காகக் கப்ளரைக் கழற்றி மாட்டும்போது பின்களில் படிந்திருந்த களிம்பு உரசி நீங்கிவிடுகிறது. சில வாரங்களில் களிம்பு மீண்டும் படிந்து அதே புகார் திரும்பும்போது, புதிய பம்பும் மட்டமான சரக்கு என்று பழி சுமத்தப்படும்.

ஆகவே, இந்த வழிகாட்டி ஒரே ஒரு விதியைச் சுற்றி அமைந்துள்ளது: பம்பின் கப்ளரில், பம்ப் மின்சாரத்தை இழுத்துக்கொண்டிருக்கும் நிலையில், எத்தனை வோல்ட் வருகிறது என்று அளந்து பார்க்காமல் பம்பைக் கழற்றக் கூடாது. இங்கே கூறப்படுபவை டேங்கிற்குள் மின்சாரப் பம்ப் உள்ள பெட்ரோல் கார்களுக்குப் பொருந்தும். டீசல் கார்கள் பலவற்றில் டேங்கில் மின்சாரப் பம்பே இருப்பதில்லை என்பதால் அவற்றை இங்கு எடுத்துக்கொள்ளவில்லை.

சுற்று எப்படி இயங்குகிறது

பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து கிளம்பும் மின்சாரம் ஃபியூஸைக் கடந்து ரிலேயின் 30 ஆம் பின்னுக்கு வருகிறது. பம்பிற்கான ஃபியூஸ் பெரும்பாலான கார்களில் 15 அல்லது 20 ஆம்பியர். ரிலே மூடும்போது மின்சாரம் 87 ஆம் பின் வழியாகப் புறப்பட்டு, காரின் கதவடி ஓரமாகக் கார்பெட்டுக்குக் கீழே நெடுந்தூரம் சென்று, பின் சீட்டின் அடியில் உள்ள டேங்கின் மூடியை அடைகிறது. அங்கே ஒரு கப்ளர். அதன் உட்புறம் பம்ப். பம்பிலிருந்து எர்த் வயர் திரும்பி வந்து பாடியில் ஒரு போல்ட்டில் முடிகிறது. இதுவே சுமைச் சுற்று.

ரிலேயை இயக்குவதற்கென்று இன்னொரு சிறிய சுற்று உண்டு. ரிலே காயிலின் (சுவிட்சை இழுக்கும் மின்காந்தச் சுருளின்) ஒரு முனையான 86 இல் இக்னிஷன் சாவி அல்லது மெயின் ரிலே வழியாக 12 வோல்ட் வரும். மறுமுனையான 85 ஐ ஈசியூ (என்ஜினை ஆளும் கணினி) எர்த்துடன் இணைக்கும்போது ரிலே மூடும். சில கார்களில் 85, 86 இரண்டும் இடம் மாறியிருக்கும். சில ஜப்பானிய வடிவ ரிலேக்களில் 1, 2 என்பவை காயிலையும், 3, 5 என்பவை தொடர்பு முனைகளையும் குறிக்கும். எண்கள் எப்படி இருந்தாலும் வேலை ஒன்றுதான்.

சாவியை ஆன் செய்தவுடன் ஈசியூ ரிலேயை ஏறத்தாழ 2 விநாடி மட்டும் மூடி, குழாயில் அழுத்தத்தை ஏற்றிவிட்டு நிறுத்திவிடும். அதன் பின், செல்ஃப் சுற்றும்போது கிராங்க் சென்சாரிலிருந்து (என்ஜின் சுற்றுவதை உணரும் கருவியிலிருந்து) சிக்னல் வந்தால்தான் மறுபடியும் மூடும். சிக்னல் நின்றால் பம்பும் நின்றுவிடும். விபத்தில் என்ஜின் நின்ற பிறகும் பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. இதைத் தெரிந்துகொள்ளாதவர்கள், சாவி ஆனில் இருந்தும் பம்ப் ஓடவில்லையே என்று எண்ணி, பழுதில்லாத சுற்றில் பழுதைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

பாதுகாப்பும் கருவிகளும்

பின் சீட்டைத் தூக்கி டேங்கின் மூடியைத் திறந்தபின் நீங்கள் பெட்ரோல் ஆவியின் அருகில் இருக்கிறீர்கள். கதவுகள் அனைத்தும் திறந்திருக்க வேண்டும். அடித்தள மூடு பார்க்கிங்கில் இந்த வேலையைச் செய்யவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானதாகையால் தாழ்வான இடங்களில் தேங்கி நிற்கும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இங்கே விவரிக்கும் மின்சோதனைகளுக்குப் பெட்ரோல் குழாயைக் கழற்ற வேண்டிய தேவையே இல்லை. மூடியின் மீது பெட்ரோல் கசிவோ கடும் வாடையோ இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு, உலர்ந்த பின்னரே மீட்டரைத் தொடுங்கள். பொறி பறக்கக்கூடிய இணைப்புகளை எல்லாம் முன்புறம், ரிலே பெட்டியின் அருகிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

தேவையானவை அதிகமில்லை. ஓரளவு தரமான டிஜிட்டல் மல்டிமீட்டர், பழைய ஹெட்லைட் பல்பு ஒன்று, நடுவில் 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த ஒரு ஜம்பர் வயர், பேட்டரியிலிருந்து பின் சீட்டு வரை எட்டக்கூடிய 5 மீட்டர் வயர், கப்ளரின் பின்புறம் செலுத்துவதற்கு மெல்லிய ஊசிகள் ஆகியவை போதும். இயன்றால் ஒரு கிளாம்ப் மீட்டரும் வாங்கலாம். ரிட்சி ஸ்ட்ரீட்டில் கேட்கும்போது டிசி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். மலிவான கிளாம்ப் மீட்டர்கள் பல ஏசி மின்னோட்டத்தை மட்டுமே அளக்கும். காரில் அவை எப்போதும் பூஜ்யத்தையே காட்டும்.

முதலில் காதால் கேளுங்கள்

ஒருவர் பின் சீட்டில் காதை வைத்துக்கொள்ள, மற்றொருவர் சாவியை ஆன் செய்யட்டும். 2 விநாடி மெல்லிய ரீங்காரம் கேட்டால் ரிலே, ஃபியூஸ், ஈசியூ ஆகிய மூன்றும் ஏறக்குறைய வேலை செய்கின்றன என்று பொருள். ஆனால் பம்பிற்கு முழு வோல்டேஜ் கிடைக்கிறது என்று பொருளல்ல. ஒலியே இல்லையென்றால் சுற்று எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது ஈசியூ ஆணையிடவில்லை, அல்லது பம்ப் இறந்துவிட்டது. ஒலி இழுத்து இழுத்து, மந்தமாகக் கேட்டால் வோல்டேஜ் இழப்பையே முதலில் சந்தேகியுங்கள். சில புதிய கார்களில் ஓட்டுநர் கதவைத் திறக்கும்போதே பம்ப் அழுத்தம் ஏற்றிவிடும் என்பதால், சாவி போடும்போது ஒலி கேட்காதது பழுதாகாது.

பேட்டரியை இப்போதே அளந்துவிடுங்கள். என்ஜின் நின்றிருக்கும்போது 12.4 வோல்ட்டுக்குக் குறையாமலும், செல்ஃப் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமலும் இருக்க வேண்டும். பேட்டரி தளர்ந்திருந்தால் இதற்கு மேல் எடுக்கும் எந்த அளவும் நம்பத்தக்கதாக இராது.

ஸ்கேனர் (ஈசியூவைப் படிக்கும் கருவி) இருந்தால் கோடுகளை (ஈசியூ பதிந்த பழுதுக் குறியீடுகளை) குறித்துக்கொள்ளுங்கள், அழித்துவிடாதீர்கள். பி 0230 என்பது ரிலே காயில் பக்கத்துக் கட்டுப்பாட்டுச் சுற்றையும், பி 0231, பி 0232 ஆகியவை பம்பிற்குப் போகும் மின்சுற்றில் முறையே குறைந்த, கூடிய வோல்டேஜையும் குறிக்கும். பி 0627, பி 0628, பி 0629 ஆகியவையும் பம்ப் கட்டுப்பாட்டுச் சுற்றைப் பற்றியவையே. பி 0335 வந்திருந்தால் அது கிராங்க் சென்சார். பம்ப் பக்கம் போவதற்கு முன் அதைப் பாருங்கள். இந்தக் கோடுகளில் எதுவுமே "பம்பை மாற்று" என்று சொல்வதில்லை. சுற்றின் எந்தப் பகுதியில் ஈசியூ முறைகேட்டைக் கண்டது என்பதை மட்டுமே அவை சொல்கின்றன. மேலும், பல கார்களின் ஈசியூ காயில் பக்கத்தை மட்டும்தான் கண்காணிக்கிறது. பம்ப் வயர் முழுவதுமாக அறுந்து கிடந்தாலும் ஒரு கோடும் பதிவாகாது.

இத்துடன் எரிபொருள் முள்ளையும் கவனியுங்கள். பல கார்களில் பம்பும் டேங்க் மிதவையும் ஒரே கப்ளரைப் பகிர்ந்துகொள்வதால், கார் திணறும் அதே வேளையில் முள்ளும் தாறுமாறாக ஆடினால், கப்ளர் அல்லது எர்த் என்று பாதித் தீர்ப்பை அப்போதே எழுதிவிடலாம். முள்ளே பழுதாக இருக்கலாம் என்பதால், டேங்கில் உண்மையிலேயே பெட்ரோல் இருக்கிறதா என்பதையும் உறுதிசெய்துகொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஃபியூஸும் ரிலேயும்

ஃபியூஸைக் கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவுகட்ட வேண்டாம். பிளேடு ஃபியூஸின் தலையில் மீட்டர் முனையை வைப்பதற்கென்றே இரண்டு உலோகப் புள்ளிகள் திறந்திருக்கும். ஃபியூஸைப் பிடுங்காமலேயே இரண்டு புள்ளிகளிலும் எர்த்துக்கு எதிராக வோல்டேஜ் வருகிறதா என்று பாருங்கள். ஒன்றில் வந்து மற்றொன்றில் வராவிட்டால் ஃபியூஸ் போய்விட்டது. இரண்டிலுமே வராவிட்டால் ஃபியூஸுக்கு முன்னால் பழுது. அல்லது அந்த ஃபியூஸ் ரிலேக்குப் பின்னால் அமைந்திருக்கிறது.

ஃபோர்டு, ஃபியட் கார்கள் சிலவற்றில் மோதல் நேர்ந்தால் பம்பை நிறுத்தும் ஒரு சுவிட்ச் இருக்கும். பெரிய பள்ளத்தில் காரை இறக்கினாலோ, நிறுத்தியிருக்கும்போது எவரேனும் இடித்துவிட்டுப் போனாலோ அது தட்டிக்கொள்ளலாம். மழைக்காலச் சென்னைச் சாலைகளில் இதை மறந்துவிடக் கூடாது. மேலே உள்ள பொத்தானை அழுத்தினால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

ரிலேயைப் பொறுத்தவரை, அதே பெட்டியில் ஹாரனுக்கோ ஏசிக்கோ உள்ள, அதே பார்ட் எண் கொண்ட ரிலேயை மாற்றிப் போட்டுப் பார்ப்பதே விரைவான சோதனை. பின் அமைப்பு ஒன்றாக இருந்தும் உள் இணைப்பு வேறாக இருக்கும் ரிலேக்கள் உண்டு என்பதால் எண்ணை ஒப்பிடாமல் மாற்றாதீர்கள். ரிலே "டிக்" என்றது, ஆகவே அது நல்லது என்று பலர் சொல்வார்கள். அந்த ஒலி காயில் இயங்குகிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. தொடர்பு முனைகள் கருகியிருந்தாலும் டிக் என்றுதான் சொல்லும்.

ரிலே சாக்கெட்டில் நான்கு கேள்விகள்

சாக்கெட்டிலிருந்துதான் பழுது முன்புறமா பின்புறமா, காயில் பக்கமா சுமைப் பக்கமா என்று பிரிக்க முடியும். ரிலேயைப் பிடுங்கிவிட்டு முதலில் 30 ஆம் துளையில் பாருங்கள்: அங்கே பேட்டரி வோல்டேஜ் இருக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் எந்நேரமும் இருக்கும். சிலவற்றில் மெயின் ரிலே மூடியபின் வரும்.

அடுத்து, சாவியை அணைத்துவிட்டு, ஃபியூஸ் வைத்த ஜம்பர் வயரால் 30, 87 ஆகிய துளைகளை இணையுங்கள். 30 இல் எந்நேரமும் மின்சாரம் இருக்கும் காரில் பம்ப் உடனே ஓடத் தொடங்க வேண்டும்; மெயின் ரிலே வழியாக வரும் காரில் சாவியை ஆன் செய்ய வேண்டியிருக்கும். மீட்டர் ஊசியைத் திணித்துச் சாக்கெட்டின் பின்களை விரித்துவிடாதீர்கள். விரிந்த பின் பிற்காலத்தில் தானே ஒரு பழுதாக மாறும். ரிலேயின் காலுக்குச் சமமான அகலமுள்ள ஸ்பேட் லக்கை (தட்டையான உலோக முனையை) ஜம்பரின் முனையில் பொருத்திக்கொள்வதே முறை. பம்ப் ஓடினால் சுமைப் பக்கம் பெருமளவு நன்று. பழுது ரிலேயிலோ காயில் பக்கத்திலோ உள்ளது. ஓடாவிட்டால், ஜம்பரை எடுத்துவிட்டுப் பின் சீட்டுக்குச் செல்லுங்கள்.

மூன்றாவதாக, சாவி ஆனில் 86 இல் 12 வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். நான்காவது, ஈசியூவின் ஆணை. மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் கருப்பு முனையை 85 இலும் வைத்து, சாவியை ஆன் செய்யும் 2 விநாடியிலும், பிறகு செல்ஃப் சுற்றும்போதும் மீட்டர் ஏறத்தாழ பேட்டரி வோல்டேஜைக் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால் ஈசியூ தன் கடமையைச் செய்கிறது. இந்த இடத்தில் பழைய பாணி பல்பு டெஸ்ட் லேம்பைப் பயன்படுத்த வேண்டாம். ரிலே காயிலின் மின்தடை பெரும்பாலும் 50 முதல் 120 ஓம் வரை இருக்கும். அது இழுக்கும் மின்னோட்டம் கால் ஆம்பியருக்கும் கீழ். அந்த அளவுக்கென்றே அமைந்த ஈசியூவின் டிரைவர் (ரிலேயை இயக்கும் உள் சுற்று) மீது பெரிய பல்பைச் சுமத்தினால், ஒரு சிறு பழுது ஈசியூ பழுதாக வளர்ந்துவிடும்.

ஆணை வரவில்லையென்றால் உடனே ஈசியூ போய்விட்டது என்று சொல்லிவிடக் கூடாது. சாவி ஆனில் என்ஜின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் ஈசியூவுக்கே மின்சாரமோ எர்த்தோ இல்லை. இம்மொபிலைசர் (சாவியை அடையாளம் காணும் திருட்டுத் தடுப்பு) விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் சாவி அடையாளம் காணப்படவில்லை; சில கார்கள் அந்நிலையில் பம்பையும் நிறுத்திவைக்கும். முதல் 2 விநாடி ஆணை வந்து, செல்ஃப் சுற்றும்போது வராவிட்டால் கிராங்க் சென்சார் மீதே சந்தேகம் விழ வேண்டும். ஸ்கேனரில் செல்ஃப் சுற்றும்போது ஆர்பிஎம் பூஜ்யமாகவே இருப்பது அதற்குத் துணைச் சாட்சி.

பின் சீட்டின் அடியில்: சுமையோடு அளத்தல்

பட்டறைகளில் மிகப் பெரும்பாலும் தவறாகச் செய்யப்படும் சோதனை இதுதான். கப்ளரைக் கழற்றி, வயர் பக்கத்தில் மீட்டரை வைத்து, 12 வோல்ட் வருவதைக் கண்டவுடன் "கரண்ட் வருது, பம்ப்தான் போச்சு" என்று முடித்துவிடுகிறார்கள். மல்டிமீட்டரின் உள் மின்தடை பொதுவாக 10 மெகா ஓம். அது மின்சாரத்தை இழுப்பதே இல்லை என்று சொல்லிவிடலாம். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயில் பாதி அடைப்பு இருந்தாலும், குழாய் மூடியிருக்கும் வரை அழுத்தம் முழுதாகவே தெரியும். திறந்த பிறகுதான் நூல் போல ஒழுகும். வயரும் அப்படியே. ஒரே ஒரு இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் வயரும், களிம்பு பிடித்த பின்னும் சுமையில்லாத நிலையில் 12 வோல்ட்டைத் தயங்காமல் காட்டும்.

கணக்கைப் பாருங்கள். சாதாரண பம்ப் ஒன்று ஏறத்தாழ 5 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 0.4 ஓம் மின்தடை உள்ள ஒரு மோசமான இணைப்பு 2 வோல்ட்டை விழுங்கிவிடும். இந்த 0.4 ஓமை மல்டிமீட்டரின் ஓம் அளவையால் பிடிக்க முயல்வது வீண். மீட்டரின் சொந்த வயர்களுக்கே அந்த அளவு மின்தடை இருக்கும். ஆகவே ஓம் அளவையை மறந்துவிட்டு, மின்சாரம் ஓடும்போது வோல்டேஜ் எங்கே தொலைகிறது என்று தேடுவதே சரியான வழி.

கப்ளரை மாட்டிய நிலையிலேயே, பின்புறம் வயர் நுழையும் இடுக்கின் வழியாக ஊசியைச் செலுத்தி, பம்பின் பாசிட்டிவ் பின்னையும் எர்த் பின்னையும் தொடுங்கள். முன்னால் ஜம்பரைப் போட்டுப் பம்ப் ஓடட்டும். அல்லது ஸ்கேனரில் பம்பை இயக்கும் சோதனை இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். 2 விநாடிக்குள் அளவெடுக்க அவசரப்பட வேண்டாம். அதே வேளையில் பேட்டரியின் இரு முனைகளிலும் அளந்து ஒப்பிடுங்கள். பம்ப் முனையில் வரும் வோல்டேஜ் பேட்டரியைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்திருந்தால் சுற்றில் பழுது உண்டு.

இழப்பு பாசிட்டிவ் பக்கத்திலா எர்த் பக்கத்திலா என்று பிரிக்க 5 மீட்டர் வயர் உதவும். அதில் மின்னோட்டம் செல்லாது என்பதால் மெல்லிய வயரே போதும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து வரும் அந்த வயரை மீட்டரின் சிவப்பு முனையுடன் இணைத்து, கருப்பு முனையைப் பம்பின் பாசிட்டிவ் பின்னில் வைத்தால், மீட்டர் காட்டுவது பாசிட்டிவ் வழியில் தொலைந்த வோல்டேஜ். பிறகு வயரைப் பேட்டரி நெகட்டிவுக்கு மாற்றிப் பம்பின் எர்த் பின்னுக்கும் அதற்கும் இடையே அளந்தால் எர்த் பக்கத்து இழப்பு தெரியும். எர்த் பக்கத்தில் 0.2 வோல்ட்டுக்கு மேல் வந்தால் எர்த் போல்ட்டைத் தேடிப் போங்கள்.

ஓர் உதாரணம். பேட்டரியில் 12.4, பம்ப் முனைகளுக்கு இடையே 10.1, எர்த் பக்கத்து இழப்பு 0.1. அப்படியானால் பாசிட்டிவ் பக்கத்தில் 2.2 வோல்ட் தொலைந்திருக்கிறது. ஜம்பரை எடுத்துவிட்டு ரிலேயை மாட்டி, ஸ்கேனர் மூலம் பம்பை ஓட்டி மீண்டும் அளக்கும்போது இழப்பு அதேபோல் 2.2 இல் நின்றால் ரிலே குற்றவாளியல்ல. ஃபியூஸின் இரு புள்ளிகளுக்கிடையே 0.05 வோல்ட் மட்டுமே இழப்பு என்றால் ஃபியூஸ் நன்று. எஞ்சியிருப்பவை ஃபியூஸைப் பிடிக்கும் தாடைகளும், பின்புறம் செல்லும் வயரும், இடையில் உள்ள கப்ளர்களும். கதவடிக் கார்பெட்டைத் தூக்கி, நடுவில் உள்ள இணைப்பில் அளந்தால், இழப்பு அதற்கு முன்னாலா பின்னாலா என்பது தெரிந்துவிடும். மாறாக, ஜம்பர் போட்டபோது இழப்பு மறைந்து, ரிலே மாட்டியபோது திரும்பினால், ரிலேயின் தொடர்பு முனைகள் கருகியிருக்கின்றன. மாற்ற வேண்டியது பம்பையல்ல, சில நூறு ரூபாய் ரிலேயை.

பம்ப் சற்றும் ஓடவில்லையென்றால் அது சுமையாக இருக்காது. எனவே சோதனைக்கு வேறு சுமை வேண்டும். கப்ளரைக் கழற்றி, அதன் வயர் பக்கத்தில் ஹெட்லைட் பல்பை இணையுங்கள். 55 வாட் பல்பு 12 வோல்ட்டில் 4.5 ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். பம்ப் இழுப்பதற்கு ஏறத்தாழ சமம். ஆனால் எரியும் ஹாலஜன் பல்பு பெட்ரோல் ஆவிக்குப் பகை. ஆகவே நீண்ட வயரில் பல்பைக் காருக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் வைத்து, இணைப்பை எல்லாம் முடித்த பின் முன்புறம் ஜம்பரைப் போட்டு எரியவிடுங்கள். பல்பு பிரகாசமாக எரிந்து, முனைகளில் 12 வோல்ட்டை ஒட்டி வந்தால், வயரும் எர்த்தும் நன்று. பம்ப் அல்லது மூடிக்கு உட்புறம் உள்ள சிறு வயரிங் இறந்துவிட்டது. இப்போதுதான் பம்பைக் கழற்றுவதற்கு நியாயம் கிடைக்கிறது. பல்பு மங்கினால் பம்பின் மீது கை வைக்காதீர்கள்.

ஆம்பியர் சொல்லும் கதை

கிளாம்ப் மீட்டர் உள்ளவர்கள் ஜம்பர் வயரைச் சுற்றி அதைப் பிடித்தால் பம்பின் உடல்நிலை தெரிந்துவிடும். பெரும்பாலான பம்புகள் 4 முதல் 8 ஆம்பியர் வரை இழுக்கும். முழு வோல்டேஜ் வந்தும் பூஜ்யம் என்றால் உள்ளே சுற்று அறுந்திருக்கிறது. பெரும்பாலும் தேய்ந்த பிரஷ். முழு வோல்டேஜில் வழக்கத்தைவிட மிகுதியாக இழுத்தால் பம்ப் இறுகியிருக்கிறது அல்லது ஃபில்டர் அடைபட்டு அழுத்தம் எகிறுகிறது. மிகக் குறைவாக இழுத்தால், பம்ப் பெட்ரோலைத் தள்ளாமல் வெறுமனே சுற்றுகிறது. வோல்டேஜும் குறைவு, ஆம்பியரும் குறைவு என்றால் மீண்டும் வயரிங்கிற்கே வந்து சேர்கிறோம். மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையில் நேராக இணைத்து அளக்க நினைப்பவர்கள், பம்ப் கிளம்பும் கணத்தில் மின்னோட்டம் பல மடங்கு எகிறும் என்பதையும், மீட்டரின் உள் ஃபியூஸ் அதற்குப் பலியாகலாம் என்பதையும் நினைவில் வைக்கவும்.

ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால்

பெரிய ஃபியூஸைப் போடுவதும், சிகரெட் பெட்டியின் உலோகத் தாளைச் சுற்றி வைப்பதும் டேங்க் வரை செல்லும் வயரைத் தீக்குச்சியாக மாற்றும் செயல்கள். பம்ப் கப்ளரைக் கழற்றிவிட்டு, ஃபியூஸ் இடத்தில் ஹெட்லைட் பல்பை இணைத்து, ரிலேயை மூடச் செய்யுங்கள். பம்ப் இணைப்பில் இல்லாதபோது பல்பு எரியக் கூடாது. எரிந்தால், வயர் எங்கோ பாடியில் உரசி எர்த் ஆகியிருக்கிறது. கதவடி, சீட் தண்டவாளத்தின் போல்ட், பின் சீட் விளிம்பு என ஒவ்வோர் இடமாக வயரை அசைத்துக்கொண்டே வந்தால், பல்பு அணையும் இடத்தில் காயம் இருக்கும். எரியாவிட்டால் வயர் நன்று. இறுகிப்போன பம்பே ஃபியூஸைத் தின்கிறது. அந்த ஃபியூஸ் ஆக்சிஜன் சென்சார் ஹீட்டர் போன்ற வேறு பாகங்களுக்கும் பொதுவாக இருக்கிறதா என்று ஃபியூஸ் பெட்டி மூடியிலுள்ள படத்தில் பார்த்துக்கொள்ளவும்.

சூட்டில் நின்று, ஆறியதும் கிளம்பும் கார்

மே மாத மதியத்தில் ஓஎம்ஆர் நெரிசலில் நின்று, அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடவாதது போலக் கிளம்பும் காரைப் பட்டறையில் வைத்துச் சோதித்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். ரிலேயின் உள்ளே விரிசல் கண்ட சால்டர் இணைப்பு, சூட்டில் விலகும் கிராங்க் சென்சார், வயதான பம்பின் மோட்டார் ஆகிய மூன்றுமே இப்படி நடந்துகொள்ளும். டேங்கில் பெட்ரோல் அடிமட்டத்தில் இருந்தால் பம்ப் கூடுதலாகச் சூடேறும் என்பதும் இதில் சேரும். பம்பைக் குளிர்விப்பது அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான்.

இதற்கு நம்பகமான வழி, கார் நிற்கும் கணத்தில் சாட்சியைப் பிடிப்பது. பம்பிற்குச் செல்லும் 87 வயரில் ஒரு மெல்லிய வயரைச் சிறு ஃபியூஸுடன் இணைத்து, டாஷ்போர்டில் வைத்த மல்டிமீட்டர் வரை கொண்டுவாருங்கள். 85 இலிருந்தும் ஒரு வயர் கொண்டுவந்து இரண்டாவது மீட்டரில் பார்க்கலாம். பக்கத்தில் இருப்பவர் மீட்டரைக் கவனிக்கட்டும். ஓட்டுபவர் சாலையைக் கவனிக்கட்டும். கார் நிற்கும்போது 87 இல் வோல்டேஜ் அப்படியே இருந்தால் பழுது அதற்குப் பின்னால்: வயர், எர்த் அல்லது பம்ப். 87 இல் வோல்டேஜ் மறைந்து, 85 இல் ஈசியூவின் எர்த் நீடித்தால், ரிலேயையும் அதன் 30, 86 பின்களுக்கு வரும் மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். இரண்டுமே போனால் ஈசியூ ஆணையை விலக்கிக்கொண்டது. கிராங்க் சென்சாருக்குச் செல்லுங்கள். ரிலே மீது சந்தேகம் இருந்தால், நின்ற காரிலேயே தலைமுடி உலர்த்தியால் அதைச் சூடேற்றிப் பார்க்கலாம்.

ரிலேக்குப் பதிலாக மாட்யூல் உள்ள கார்கள்

நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போ பெட்ரோல் கார்கள் பலவற்றில் பம்பின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் மாட்யூல் ஒன்று இருக்கும். அது பம்பிற்கு மின்சாரத்தைத் துடிப்புகளாக அனுப்புவதால், மல்டிமீட்டர் சராசரியை மட்டுமே காட்டும். 8 வோல்ட் வருவதைக் கண்டு வயரிங் பழுது என்று முடிவுகட்ட முடியாது. இங்கே மாட்யூலுக்கு உள்ளே வரும் மின்சாரமும் எர்த்தும் சரியா என்று மேற்சொன்ன முறையிலேயே சுமையோடு அளந்துவிட்டு, பிறகு ஸ்கேனரில் ஈசியூ கேட்கும் அழுத்தத்தையும் கிடைக்கும் அழுத்தத்தையும் ஒப்பிட வேண்டும். மூன்று தடித்த வயர்கள் கொண்ட பிரஷ் இல்லாத பம்புகளுக்கு ஜம்பர் போட்டு 12 வோல்ட் கொடுக்கவே கூடாது.

சென்னையில் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள்

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர்ப் பகுதிகளில் நீரில் நின்ற கார்கள் ஏராளம். அத்தகைய காரில் பழுது உடனே வெளிப்படுவதில்லை. கார்பெட்டுக்குக் கீழே உள்ள கப்ளரிலும் எர்த் போல்ட்டிலும் பச்சைக் களிம்பு ஏறப் பல மாதங்கள் ஆகலாம். பழைய கார் வாங்கியவர்கள் கார்பெட்டைத் தூக்கி வண்டல் படிவு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் வெள்ளம் வராமலேயே உப்புக் காற்று அதே வேலையை மெதுவாகச் செய்துமுடிக்கும்.

மரத்தடியில் நாட்கணக்கில் நிற்கும் காருக்கு எலி பெரும் பகை. ஒரு வயரின் உறையை மட்டும் கடித்து விட்டுவிட்டால், மழையில் மட்டும் தலைகாட்டும் பழுது கிடைக்கும். ஆனால் எலியைவிட மனிதக் கைவேலையை நான் அதிகம் சந்தேகிப்பேன். வெளியில் பொருத்திய திருட்டுத் தடுப்பு அலாரம், எரிவாயு கிட் ஆகியவற்றில் சிலவற்றுக்காகப் பம்ப் வயரை வெட்டி நடுவில் ஒரு மலிவு ரிலேயைச் செருகியிருப்பார்கள். இணைப்பு வெறும் முறுக்கும் இன்சுலேஷன் டேப்பும் மட்டுமாக இருக்கும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால், மற்ற சோதனைகளுக்கு முன் அதையே அளந்து பாருங்கள்.

பழுதை நீக்குதல்

டேங்க் மூடிக் கப்ளரின் பின் பழுப்பேறி, பிளாஸ்டிக் உருகியிருந்தால், தேய்த்துச் சுத்தம்செய்து மாட்டுவது பயன் தராது. சூட்டில் தளர்ந்த பின் இறுக்கத்தைத் திரும்பப் பெறாது. கப்ளரின் இரு பாதிகளையும் மாற்ற வேண்டும். ஒரு பாதி மூடியோடு சேர்ந்தே வரும் கார்களில் மூடியையும் மாற்றாமல் தீராது. வயர் பக்கக் கப்ளர் தனியாகக் கிடைக்காதபோது புதுப்பேட்டை கைகொடுக்கும்: அதே மாடல் காரிலிருந்து ஓர் அடி வயரோடு வெட்டிய கப்ளரைக் கேட்டு வாங்கலாம். ஆனால் பழைய பம்பையோ பழைய ரிலேயையோ அங்கே வாங்காதீர்கள். அவை புதியனவாக, ஜி.பி. ரோடு போன்ற உதிரிபாகச் சந்தையில், பெட்டி மீதான பார்ட் எண்ணை ஒப்பிட்டு வாங்க வேண்டியவை.

இணைப்புக்கு ஏற்கெனவே உள்ள வயரின் கனத்துக்குக் குறையாத வயரையே பயன்படுத்தி, லக் வைத்து இறுக்கி, பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடுங்கள். பெட்ரோல் டேங்கின் மேல் சூடான சால்டரிங் அயர்னைக் கொண்டுபோகக் கூடாது. எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போகும்வரை உரசி, இறுக்கியபின் மேலே கிரீஸ் பூசுங்கள். இறுக்குவதற்கு முன் இடையில் கனமாகப் பூசிவிட வேண்டாம்.

வேலை முடிந்தபின் அதே புள்ளிகளில், அதே சுமையோடு மறுபடியும் அளக்க வேண்டும். மொத்த இழப்பு அரை வோல்ட்டுக்குள், அதில் எர்த் பக்கம் 0.2 வோல்ட்டுக்குள் வந்துவிட்டதா, என்ஜின் ஓடும்போது பம்ப் முனையில் 13 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறதா என்று பார்த்து, எண்களைச் சர்வீஸ் புத்தகத்தில் குறித்துவையுங்கள். கோடுகளை அழித்துவிட்டு, ஏசியும் ஹெட்லைட்டும் எரியும் நிலையில் ஒரு மேம்பால ஏற்றத்தை உள்ளடக்கிய சுற்று ஓட்டிப் பார்த்து, கோடுகள் திரும்பவில்லை என்று ஸ்கேனரில் உறுதிசெய்த பின் சீட்டைப் பொருத்தலாம். அதுவரை பின் சீட்டில் யாரையும் உட்கார வைக்க வேண்டாம்.